சாட்டை யார் கையில்? கேலிச்சித்திரமும் நாமும்

கேலிச்சித்திரம் எளியவர்களின் ஆயுதம் என்பார்கள். தமிழில் அதற்குச் சான்று உண்டு. 1906இல் தொடங்கிய 'இந்தியா' இதழில் பாரதியார் பிரிட்டிஷ் ஆட்சியைக் கேலிச்சித்திரங்களால் சாடினார். கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது, முதல்வரையும் அதிகாரிகளையும் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா 2017 நவம்பரில் கைது செய்யப்பட்டார்.

ஆனால் தூரிகை எப்போதும் எளியவர்கள் பக்கமே நின்றதா?

1949 ஆகஸ்டில் சங்கர் வரைந்த சித்திரத்தைப் பாருங்கள். அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அண்ணல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு, அவர் கையிலும் சாட்டை. கூட்டம் வேடிக்கை பார்க்கிறது.

உண்மை என்ன? ஏழு பேர் கொண்ட வரைவுக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில்தான் விழுந்தது. இதை 1948 நவம்பர் 5 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கு 1949 நவம்பர் 25 அன்று அண்ணலே பதில் சொன்னார்: 7,635 திருத்தங்கள் தரப்பட்டன, 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இந்தச் சித்திரம் 2006இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் ஏறியது. 2012 மே மாதம் தொல்.திருமாவளவன் மக்களவையில் எதிர்ப்பு தெரிவித்தார். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். சித்திரம் திரும்பப் பெறப்பட்டது.

உடனே கிளம்பியது ஒரு குரல்: 'தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை.' வகுப்பறையில் எல்லோரும் சிரிக்கும்போது, பின் பெஞ்சில் தலைகுனிந்திருக்கும் நம் பிள்ளையைப் பற்றி அந்தக் குரல் யோசிக்கவில்லை.

நம் பதில் தடை கேட்பதோடு நின்றுவிடவில்லை. உன்னமதி சியாம சுந்தர், தானும் கார்ட்டூனிஸ்ட், அண்ணலைக் கேலி செய்த நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைச் சித்திரங்களைத் தேடித் தொகுத்து 2019இல் நூலாக்கினார். சிரிப்புக்குள் ஒளிந்திருந்த சாதியை ஆவணமாக்கினார். கோபத்தைவிட நீண்ட ஆயுள் ஆவணத்துக்கு உண்டு.

தோழர்களே, அடுத்த கேலிச்சித்திரத்தைப் பகிரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரைந்தவர் எங்கே நிற்கிறார்? சாட்டை யார் கையில்? யாருடைய முதுகைக் காட்டி நம்மைச் சிரிக்கச் சொல்கிறார்கள்?

ஜெய்பீம்.