தாதுக் குவியலும் காலக் கணக்கும்

சுரங்கத் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் நிலத்தின் ஆழத்தையே பெரிதும் நோக்குவர். வெட்டிய கல் நிலத்தின்மேற் குவிந்து கிடந்த காலம் அவர்தம் கவனத்தை ஈர்ப்பதில்லை. ஆயினும் ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கிலுள்ள ரியோ டின்டோவில் அக்காலமே மக்களின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்தது.

1873இல் பிரித்தானிய முதலீட்டாளர் தலைமையிலான குழுவொன்று அச்சுரங்கங்களை ஸ்பானிய அரசிடமிருந்து வாங்கிற்று. அங்குச் செம்பு இரும்போடும் கந்தகத்தோடும் பிணைந்து கிடந்தது. கந்தகத்தைப் போக்கத் தாதுவைத் திறந்த வெளியிற் குவித்து மாதக்கணக்கில் எரித்தனர். அப்புகை பயிரையும் மக்களின் மூச்சையும் கெடுத்தது. 1888 பெப்ரவரி 4ஆம் நாள், புகையை எதிர்த்தும் தொழிற் குறைகளை முன்வைத்தும் திரண்ட தொழிலாளர்மீதும் உழவர்மீதும் படையினர் சுட்டனர். இறந்தோர் பதின்மூவர் என்றது அரசுக் கணக்கு. உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிதென்றே ஊரார் சொல்லி வந்தனர்.

எரிக்காத வழியும் அங்கே இருந்தது. குவியலை நீரால் நனைத்தாற் செம்பு கரைந்து வடியும். அந்நீரை இரும்பின்மீது ஓடவிட்டாற் செம்பு படியும். இதிற் புகையில்லை, ஆனால் ஆண்டுகள் பல கழியும். முடங்கிய முதல் காத்திருக்க மறுத்தமையே நெருப்பை நாடச் செய்தது எனக் கருத இடமுண்டு. குவியலுள் உழைத்தது யாதென அன்று எவரும் அறியார். 1947இல் கோல்மர், ஹிங்கிள் என்போர் நிலக்கரிச் சுரங்கத்து அமில நீரில் இரும்பை ஒட்சியேற்றும் பற்றீரியாவைக் கண்ட பின்னரே அது விளங்கலாயிற்று.

1990களில் அமெரிக்காவின் நெவாடாவில், கார்லின் பகுதியில், நியூமொன்ட் நிறுவனம் பைரைட்டினுள் அடைபட்ட பொன்னை விடுவிக்க இவ்வுயிர்களையே நாடிற்று. இங்கே கணக்கு வேறு. செம்பைப்போலப் பொன் வடிநீரோடு வருவதில்லை. ஒட்சியேறிய கல்லையே அள்ளி ஆலைக்குக் கொண்டுசென்று, அதே தளத்தில் அடுத்த குவியலை அடுக்க வேண்டும். ஆலையோ நாள்தோறும் கல் கேட்கும்; பற்றீரியா தன் பொழுதிலேதான் உழைக்கும்.

ஒரு குவியல் முற்ற 150 நாளும், ஆலை அதனை அரைத்து முடிக்க 30 நாளும் ஆகுமெனக் கொண்டால், ஐந்து குவியல்கள் முற்றிக்கொண்டிருக்க, ஒன்று அடுக்கப்பட, ஒன்று அள்ளப்படும்: ஆக ஏழு தளங்கள். கந்தகம் மிகுந்த கல் வந்து முற்றுதல் 180 நாளாயின் எட்டாவது தளம் தேவை. அஃதில்லையேல் ஆலை பட்டினி கிடக்கும். அன்றேல் முற்றாத கல்லை அள்ள நேரும். அக்கல்லிற் பொன்னின் ஒரு பகுதி பூட்டியபடியே கழிவோடு போகும். எஞ்சிய சல்பைட்டு சயனைட்டையும் வீணே உண்ணும். மேற்பரப்பைப் பார்த்து முதிர்ச்சியை அறிதல் இயலாது. வடிநீரின் இரும்பையும் குவியலின் வெப்பத்தையும் அளந்தே ஊகிக்க வேண்டும். காற்றுப் புகாத மூலையொன்று பின்தங்கினும் முழுக் குவியலும் காத்திருக்க நேரும்.