ஓடுவதும் ஒத்துப்போவதும்: நிரலகத் தொகுப்பில் கட்டளைத் தொகுதியும் இருமை இடைமுகமும்

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தபோது, அந்தச் சிறு பலகைக்கு எந்த லினக்ஸ் பொருந்தும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதன் செயலி 700 மெகாஹெர்ட்சில் ஓடும் ஆர்ம்1176. அது ஆர்ம் குடும்பத்தின் ஆறாம் பதிப்புக் கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தது. மிதப்புப்புள்ளிக் கணக்குக்கென்று விஎஃப்பி2 என்ற வன்பொருள் பிரிவும் அதில் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலிடம் அப்போது ஆர்ம் செயலிகளுக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. பழையதான ஆர்மெல் நான்காம் பதிப்புச் செயலியிலும் ஓடும். மிதப்புப்புள்ளிக் கணக்கை மென்பொருளாலேயே செய்யும். உருவாகிக்கொண்டிருந்த ஆர்ம்எச்எஃப்புக்கு ஏழாம் பதிப்புச் செயலியும் விஎஃப்பி3 பிரிவும் வேண்டும். முன்னதை நிறுவினால் பலகையின் கணக்குப் பிரிவு சும்மா கிடக்கும். பின்னதை நிறுவினால் ஓடவே ஓடாது.

ஒரு நிரலகத்தைத் தொகுக்கும்போது இரண்டு தனித்தனி முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதை இந்தச் சிக்கல் காட்டுகிறது. அது எந்தச் செயலியில் ஓடும் என்பதைக் கட்டளைத் தொகுதி தீர்மானிக்கிறது. எந்தப் பிற நிரல்களோடு சேர்ந்து ஓடும் என்பதை இருமை இடைமுகம், அதாவது ஏபிஐ (ABI), தீர்மானிக்கிறது. தொகுப்பவர்களின் கவனம் பெரும்பாலும் முதலாவதன் மீதே இருக்கிறது. ஆனால் அதிக ஆபத்து இரண்டாவதில்தான் என்பது என் வாதம். கட்டளைத் தொகுதியில் தவறினால், தனக்குத் தெரியாத கட்டளையை எட்டிய கணத்திலேயே செயலி மறுத்துவிடும். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற அறிவிப்போடு நிரல் நின்றுவிடும். ஏபிஐயில் தவறினால் நிரல் நிற்காமலே போகலாம்.

கொசைன் மதிப்பைத் தரும் சார்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளீடு 0.5. ஆர்ம்எச்எஃப்பின் ஹார்டு ஃப்ளோட் மரபில் தொகுத்த நிரல் அந்த எண்ணை டி0 என்ற மிதப்புப்புள்ளிப் பதிவகத்தில் வைத்து, விடையையும் அங்கேயே எதிர்பார்க்கும். ஆர்மெலின் சாஃப்ட் ஃப்ளோட் மரபில் தொகுத்த நிரலகமோ உள்ளீட்டை ஆர்0, ஆர்1 என்ற இரு முழு எண் பதிவகங்களில் தேடும். விடையையும் அவற்றிலேயே வைக்கும். இவ்விரண்டையும் எப்படியோ இணைத்துவிட்டோம் என்று கொள்வோம். நிரலகம் டி0 பக்கம் போவதே இல்லை. எனவே அழைத்த நிரல் திரும்பிவந்து டி0வைப் பார்க்கும்போது தான் வைத்த 0.5 அப்படியே இருக்கும். அதையே விடையாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். சரியான விடை 0.8776. வந்த 0.5உம் கொசைனுக்கு வரக்கூடிய மதிப்புதான் என்பதால் யாருக்கும் ஐயம் எழாது. முழு எண்களையும் முகவரிகளையும் மட்டும் பெறும் சார்புகள் இரு மரபிலும் ஒரே பதிவகங்களைப் பயன்படுத்துவதால், நிரலகத்தின் பெரும்பகுதி ஒழுங்காகவே வேலை செய்யும். மூல நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தலைப்புக் கோப்பும் அதேதான்.

நடைமுறையில் இந்த ஒரு பிழையை, தொகுத்த கோப்புகளை இணைக்கும் லிங்கர் பிடித்துவிடுகிறது. ஆர்முக்கான ஒவ்வொரு பொருள் கோப்பிலும் எந்த மரபில் உள்ளீடுகள் கடத்தப்படுகின்றன என்ற குறிப்பு இருக்கிறது. குறிப்புகள் முரண்பட்டால் லிங்கர் இணைக்க மறுத்துவிடும். வடிவமைத்தவர்கள் முன்யோசனையோடு வைத்த காவல் இது. இந்த இரண்டு மரபுகளுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு: கணக்கை வன்பொருளில் செய்து, கடத்தலை மட்டும் பழைய முழு எண் பதிவகங்களிலேயே வைத்துக்கொள்வது. 32 பிட் ஆர்ம் ஆண்ட்ராய்டு இந்த வழியில்தான் போனது. பழைய நிரலகங்களோடு உறவு அறுந்துபோகாமல் இருக்க, பதிவகத்துக்குப் பதிவகம் எண்ணை மாற்றும் செலவை அது ஏற்றுக்கொண்டது.

ராஸ்பெர்ரி பைக்குத் தன்னார்வலர்கள் வேறு வழி கண்டார்கள். ஆர்ம்எச்எஃப்பின் ஏபிஐயை அப்படியே வைத்துக்கொண்டு, கட்டளைத் தொகுதியை மட்டும் ஆறாம் பதிப்புக்கு இறக்கி, டெபியனின் 35,000க்கும் மேற்பட்ட பொதிகளை மறுபடியும் தொகுத்தார்கள். 2012 ஜூனில் முடிந்த அந்த வேலையின் பெயர் ராஸ்பியன். ஒரு சில நிரலகங்களை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏபிஐ என்பது ஊர் முழுக்கச் செல்லும் நாணயம் போன்றது. பாதிக் கடைகளில் மட்டும் அதை மாற்றிவிட முடியாது. அந்த மறுதொகுப்பு நிரலக வரலாற்றில் மதிக்கத்தக்க உழைப்பு என்றே கருதுகிறேன்.

ஆனால் அதில் ஒரு முடிச்சு விழுந்தது. ராஸ்பியனும் தன் பொதிகளுக்கு ஆர்ம்எச்எஃப் என்றே பெயரிட்டது. ஏபிஐ ஒன்று என்ற அளவில் அது சரி. கட்டளைத் தொகுதி வேறு என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை. டெபியனின் ஆர்ம்எச்எஃப் பொதியை முதல் பலகையில் நிறுவினால் பொதி மேலாளர் முனகாமல் ஏற்றுக்கொள்ளும். ஓடவிட்டால் நிரல் இறந்துவிடும். வேறொரு கணினியில் டெபியன் தரும் குறுக்குத் தொகுப்பியைக் கொண்டு நிரல் எழுதுபவருக்கும் இதே கதி. ஆறாம் பதிப்புக்குத் தொகு என்று அவர் வெளிப்படையாகக் கட்டளையிட்டாலும் அது அவர் எழுதிய கோப்புகளைத்தான் கட்டுப்படுத்தும். நிரலின் தொடக்கத்தில் சேரும் சிறு துண்டுகளும் தொகுப்பியின் துணை நிரலகமும் ஏற்கெனவே ஏழாம் பதிப்புக்குத் தொகுக்கப்பட்டவை. இதனால் முதன்மைச் சார்பை எட்டும் முன்பே நிரல் விழக்கூடும்.

லிங்கரின் காவல் எட்டாத இடத்துக்கு இப்போது வருவோம். 32 பிட் லினக்ஸில் நேரத்தைக் குறிக்கும் எண்ணும் 32 பிட் அளவே இருந்தது. 1970 முதல் நொடிகளை எண்ணி 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பிவிடும். அதை 64 பிட்டாக விரித்தால் செயலிக்கு ஒரு புதுக் கட்டளையும் தேவையில்லை. ஆனால் நேரத்தை முதல் உறுப்பாகக் கொண்ட ஒரு கட்டமைப்பில், அடுத்த உறுப்பு நான்காவது பைட்டிலிருந்து எட்டாவது பைட்டுக்கு நகர்ந்துவிடும். பழைய அளவில் தொகுத்த நிரலகம் நான்காவதிலேயே படிக்கும். இந்த மாற்றத்தைப் பொருள் கோப்பில் எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. லிங்கர் எச்சரிக்காது, செயலியும் மறுக்காது. ஆகவே டெபியன் பெயரையே காவலாக்கியது: பாதிக்கப்பட்ட நிரலகப் பொதிகளின் பெயரோடு ‘டி64’ என்ற ஒட்டைச் சேர்த்து, அவற்றைச் சார்ந்த அனைத்தையும் மறுபடி தொகுத்தது. மூல நிரல் அப்படியே இருக்க, ஏபிஐ மாறியதாலேயே ஒரு நிரலகம் வேறொரு நிரலகம் ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் இருக்க முடியாது.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் ஆர்ம்எச்எஃப் இந்த மாற்றத்தை ஏற்றது. இன்டெலின் 32 பிட் வடிவமான ஐ386 ஏற்கவில்லை. முன்பே தொகுத்து வைத்த பழைய நிரல்களை ஓட்டுவதே அதன் எஞ்சிய பணி. அவற்றின் மூல நிரல் பலரிடம் இல்லை, மறுபடி தொகுக்க வழியும் இல்லை. ஏபிஐயை மாற்றினால் அவை இன்றே உடையும். மாற்றாவிட்டால் 2038 வரை ஓடும். டெபியன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.