கிளட்ச் இல்லாத புல்லட் ஏன் வரவில்லை?

சனி, ஞாயிறுகளில் திருவண்ணாமலைக்குள் இரண்டு வகை வண்டிகள் நுழையும். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகவும், சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகவும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி வரும் க்ரூஸர் பைக்குகள் ஒரு வகை. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து கீரைக்கட்டும் பால் கேனும் ஏற்றி வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் இன்னொரு வகை. லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய வண்டியில், ஊருக்குள் நெரிசலில் ஒவ்வொரு பத்தடிக்கும் கிளட்ச் பிடிக்க வேண்டும். கீரை வண்டிக்காரருக்கு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் போதும். காசு அதிகம் கொடுத்தவருக்குத்தான் வேலை அதிகம்!

இது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

புல்லட் நம்ம ஊர் வண்டி. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். அந்த 346 சிசி எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. இப்படி நீள ஓட்டமுள்ள எஞ்சின், கனமான ஃப்ளைவீலோடு சேர்ந்தால், குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும். டாப் கியரில் போட்டுவிட்டு ஆடி அசைந்து போனாலும் சீக்கிரம் திணறாது. பழைய நாலு கியர் பெட்டியில் நியூட்ரலுக்கென்றே தனியாக ஒரு குட்டி மிதி உண்டு. முதல் கியரைத் தவிர வேறு எந்த கியரில் இருந்தாலும், கிளட்சைப் பிடித்து அதை ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். ஆக, ஆட்டோமேட்டிக் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்த எஞ்சினே செய்துவிட்டது. க்ரூஸர்காரர்கள் ஆட்டோமேட்டிக் கேட்காததற்கு இதுதான் முதல் காரணம் என்று தோன்றுகிறது. மீசை முறுக்கும் சமாச்சாரம் அதற்கு அப்புறம்தான்.

வெளிநாட்டில் முயன்று பார்த்தார்கள். 1975ல் இத்தாலியின் மோட்டோ குஸி, வி1000 கன்வெர்ட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 1976ல் ஹோண்டா சிபி750ஏ வந்தது. இரண்டிலும் கார் போல டார்க் கன்வெர்ட்டர், இரண்டே கியர். ஹோண்டாவில் சாதாரண சிபி750ஐ விட சக்தி குறைந்து, எடை கூடியது. 1978லேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ரிட்லி என்ற சிறு நிறுவனம், ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட் முறையை வி-ட்வின் க்ரூஸரிலேயே வைத்து விற்றது. அதுவும் பெரிதாக வளரவில்லை.

இங்கே நடந்த கதையே வேறு. 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. எஞ்சின் வேகம் எடுத்தால் தானாகப் பிடிக்கும் கிளட்ச், ஒரே கியர். 1984ல் கைனடிக் ஹோண்டா, 2001ல் ஆக்டிவா. ஆட்டோமேட்டிக் இந்த மண்ணில் வேரூன்றியது மூட்டை சுமந்துதான், சொகுசுக்காக அல்ல. அதனாலேயே அதற்கு "லேடீஸ் வண்டி", "மூட்டை வண்டி" என்று பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது.

பைக்கில் கிளட்ச் பிடியை எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் 1997ல் வந்தது, டிவிஎஸ் ஜைவ் 2009ல் வந்தது. இரண்டும் எடுபடவில்லை. காமர்ஸ் மாணவர்களுக்கு இது நல்ல பாடம்: பொருள் மோசமில்லை, ஆனால் கிளட்ச் வேண்டாம் என்பவர் ஏற்கெனவே ஸ்கூட்டர் கடைக்குப் போய்விட்டார் :-)

ஆனால் எல்லோரும் விரும்பியா போனார்கள்? இடது கையோ இடது காலோ செயல்படாத ஒருவருக்கு க்ரூஸர் என்பது பார்க்கும் பொருள் மட்டுமே. தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுப்பதும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான். ஆட்டோமேட்டிக் என்றாலே சோம்பேறித்தனம் என்று பேசுபவர்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் வளைவுகளைக் காட்டி ஒரு வாதம் வைப்பார்கள். பெல்ட் வண்டியில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், எஞ்சின் பிரேக் கிடைக்காது. வாதம் சரிதான். ஆனால் ஹோண்டாவின் டிசிடி முறைக்கு இது பொருந்தாது. அதில் ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று, மாற்றுவது கம்ப்யூட்டர். எஞ்சின் பிடி விடுவதில்லை. 2017ல் ஆப்பிரிக்கா ட்வின் பைக்கோடு இந்தியாவுக்கு வந்தபோது விலை சுமார் 13 லட்சம். அந்த வரிசை எஞ்சினையே ரெபல் 1100 என்ற க்ரூஸரில் வைத்து, அமெரிக்காவில் 2021 மாடலாக விற்றார்கள். கிளட்ச் உள்ளதை விட இல்லாததற்கு 700 டாலர் கூடுதல்.

இங்கே ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 வந்தது 2020ல். ஐந்து கியர், கையால் பிடிக்கும் கிளட்ச். 2025ல் ஹண்டர் 350க்கு பிடியை லேசாக்கும் அசிஸ்ட் கிளட்ச் கொடுத்தார்கள், பிடியை எடுக்கவில்லை. அதே நிறுவனம் 2024 நவம்பரில் மிலானில் ஃப்ளையிங் ஃப்ளீ சி6 என்ற பேட்டரி பைக்கைக் காட்டியது. அதில் கிளட்ச் இல்லை, கியரும் இல்லை. எஞ்சினும் இல்லை!