தற்செயலும் பொறுப்பும்

ஒருவரையே நாயகராகக் கொள்ளாது, பலருடைய வாழ்வை ஒருசேரக் கூறும் திரைப்படங்களில் தற்செயலுக்குத் தனியிடம் உண்டு. வெவ்வேறு வழியில் செல்லும் மனிதர்களை ஒரு மாளிகையிலோ மலைப்பாதையிலோ எதிர்ப்படச் செய்வது அதுவே. ஆயின், எல்லாம் தற்செயலாய் நேர்ந்தது என்று கூறி மனிதன் தன் பொறுப்பிலிருந்து விலகிவிட இயலுமா? இவ்வினாவை எழுப்பிய இரு படங்களைப் பற்றி இங்குச் சிந்திப்போம்.

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதி' 1939 ஜூலையில் பாரிஸில் வெளியாயிற்று. ஒரு பிரபுவின் நாட்டுப்புற மாளிகையில் விருந்தினர் கூடுகின்றனர். இரவில் பிரபுவின் மனைவி தன் பணிப்பெண்ணின் மேலங்கியை அணிகிறாள். பணிப்பெண்ணின் கணவனான வேட்டைக்காவலன், அவளைத் தன் மனைவியென்றே எண்ணிவிடுகிறான். அவளுடன் செல்லவிருந்த நண்பன் ஆக்டேவ், மனம் மாறித் தன் மேற்சட்டையை விமானி ஜூரியோவுக்கு அளித்து அனுப்புகிறான். காவலனின் குண்டுக்கு விமானி இரையாகிறான். திருட்டு வேட்டைக்காரன் என்று கருதிக் காவலன் சுட்டுவிட்டான், இது விபத்து என்று பிரபு விருந்தினருக்கு அறிவிக்கிறார்.

ஆடைகள் கைமாறியது தற்செயல். துப்பாக்கியை எடுத்ததும் உண்மையை மறைத்ததும் தற்செயல் அல்ல. எனினும் ரெனுவார் எவரையும் கொடியவராகக் காட்டவில்லை. காவலனின் வேதனையும் நமக்குப் புரிகிறது. பிரபுவின் மென்மையும் புலனாகிறது. ஆக்டேவாக நடித்தவரும் ரெனுவாரே.

அன்றைய மக்கள் இப்படத்தை ஏற்கவில்லை. போர் தொடங்கியதும் அரசாங்கம் தடை விதித்தது. மூலப்படச்சுருள் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய பகுதிகளைத் தேடித் தொகுத்து, 1959-இல் மீண்டும் திரையிட்டனர்.

இதற்கிடையே, 1949-இல் 'நதி' என்னும் படத்தை எடுக்கும் பொருட்டு ரெனுவார் கல்கத்தா வந்தார். அவருக்கு இடங்களைச் சுற்றிக் காட்டி உதவிய இளைஞர்களுள் ஒருவர் சத்யஜித் ரே. 1962-இல் ரே 'காஞ்சன்ஜங்கா'வை உருவாக்கினார். அவர் வண்ணத்தில் எடுத்த முதற்படம் அது, கதையும் அவருடையதே. டார்ஜிலிங்கில் ஒரு செல்வக் குடும்பத்தினர் உலாவும் ஒரு பிற்பகலே கதையின் காலம்.

குடும்பத்தலைவர் இந்திரநாத், வழியில் தற்செயலாக அசோக் என்னும் வேலையற்ற இளைஞனைக் காண்கிறார். வேலை தருவதாகவும் கூறுகிறார். அசோக் மறுத்துவிடுகிறான். கல்கத்தாவிலாயின் மறுத்திருக்க மாட்டேன், இம்மலையின் பெருமிதமே துணிவு தந்தது என்ற பொருளில் அவனே பின்னர் ஒப்புக்கொள்கிறான். இங்கே நற்செயலுக்கும் சூழ்நிலை துணை நின்றது. அதனால் அவன் மறுப்பின் மதிப்புக் குறைந்துவிடுமா? வறுமையின் நடுவே அதற்குரிய விலையைத் தருபவன் அவனன்றோ!

இறுதியில் பனி விலகிச் சிகரம் ஒளிர்கிறது. இந்திரநாத்தோ அதனைக் கவனிக்கவில்லை. குடும்பத்தினர் எங்கே என்று தேடி நிற்கிறார். பனி விலகுவது எவர் கையிலும் இல்லை. நிமிர்ந்து பார்ப்பது அவர் கையில் இருந்தது. பலர் கூடி வாழும் உலகில் நமக்குரிய பொறுப்பும் அத்தகையதே.