விளக்குமாறு

விளக்குமாறு என்னும் சொல்லை நாம் நித்தியம் வழங்குகிறோம். கோபம் மூண்டபோது வசைக்கும் அதனையே எடுத்துக்கொள்ளுகிறோம். ஆயினும், வருவோர் கண்ணிற் படாதபடி கதவுக்குப் பின்னால் ஒதுக்கிவைக்கப்படும் அவ்வெளிய வஸ்துவுக்குத் தமிழர் இட்ட பெயரைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமாயின், பூஜையறையிலே சுடர்விடும் விளக்குக்கும் அதற்கும் தாய்ச்சொல் ஒன்றே என்பது புலனாகும்.

'விளங்கு' என்பது தானே ஒளிர்தலைக் குறிக்கும் தன்வினை. 'விளக்கு' என்பது பிறிதொன்றை ஒளிரச் செய்தலைக் குறிக்கும் பிறவினை. இருளை நீக்கிப் பொருள்களைக் காட்டும் தீபம் விளக்காயிற்று. ஐயத்தை நீக்கிக் கருத்தைக் காட்டும் உரை விளக்கமாயிற்று. அழுக்கை நீக்கிப் பாண்டத்தின் சுயமான நிறத்தைக் காட்டும் தொழிலும் விளக்குதலேயாயிற்று. பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம் என்னும் வழக்கில் இப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. களிம்பேறிய செப்புக் குடத்தைப் புளியிட்டுத் தேய்ப்பவள் அதனைக் கழுவுகிறாள் என்பதினும் விளக்குகிறாள் என்பதே பொருத்தமாகும். ஏனெனில் புளியிலுள்ள அமிலம் செம்பின்மேற் படிந்த கறையைக் கரைத்துவிட, மறைந்திருந்த செந்நிறம் வெளிப்படுகிறது. எண்ணெய்ப் பிசுக்குக்குப் புளி அத்துணை உதவாது; அதற்கு அடுப்புச் சாம்பலே உரியது. சாம்பலிலுள்ள காரம் எண்ணெயோடு கூடிச் சவுக்காரத்தின் தன்மையை எய்தி நீரோடு போய்விடும்.

இனி, 'மாறு' என்பது மெல்லிய குச்சி, அல்லது வளார். பருத்தி எடுத்து முடிந்தபின் புன்செயில் நிற்கும் காய்ந்த செடியைப் பருத்திமாறு என்றே உழவர் சொல்லுவர். ஆகவே, விளக்குகின்ற மாறு விளக்குமாறு. இலக்கணத்தார் இதனை வினைத்தொகை என்பர். 'பாடத்தை விளக்குமாறு கேட்டான்' என்னுமிடத்தில் வருவதோ விளக்கும் ஆறு என்று பிரிவது. அங்கே ஆறு என்பது விதத்தைக் குறிக்கும். ஒலியில் ஒன்றாயினும் பிறப்பில் இவை வேறு.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதும் கவனிக்கத்தக்கது. துடைப்பதால் துடைப்பம், வாருவதால் வாருகோல், நெல்லைச் சீமையில் வாரியல், கொங்கு நாட்டிற் சீமாறு. கோழி குப்பையைச் சீய்க்கிறது என்கிறோமே, அந்தச் சீத்தலே சீமாற்றின் முதற்பகுதி. யாழ்ப்பாணத்திலே தென்னந்தும்பால் அமைந்து நீண்ட பிடியோடு கூடியதைத் தும்புத்தடி என்பர். இவற்றுள் பெரும்பாலானவை செய்கையை மட்டும் கூறுகின்றன. விளக்குமாறு ஒன்றே செய்கையால் விளையும் பயனையும் உடன் கூறுகிறது என்பதால், எனக்கு அதுவே மிக உகந்த பெயர்.

கோயிலில் இதற்கு அலகு என்று பெயர். 'திரு' என்னும் அடைமொழியும் சேர்ந்து திருவலகாயிற்று. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் பெருமான், உய்யும் நெறியை நெஞ்சுக்கு உபதேசிக்கும்பொழுது, விடியுமுன் கோயிலை அலகிடுதலை முதற்கண் வைத்தார். அவர் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் அத்தொண்டையே செய்துவந்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். 1901-இல் கல்கத்தாவிற் காங்கிரஸ் கூடியபோது, அசுத்தமாய்க் கிடந்த கழிப்பிடத்தைக் காந்தியடிகள் தாமே துடைப்பம் கேட்டுவாங்கிச் சுத்தம் செய்தார். இத்தகைய மரபுடைய ஒன்றை அமங்கலமென்று ஒதுக்குவதும், அதனை ஏந்தித் தெருவைத் துலக்குவோரையும் சேர்த்து ஒதுக்குவதும் பெரும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பெயரைப் பார்த்தோம்; இனி அப்பெயருக்குரிய பொருளையும் சிறிது பார்ப்போம். தென்னோலையின் இருபுறமும் கத்தியாற் சீவி ஈர்க்கை எடுத்து, வெயிலில் உலர்த்தி, அடிகளெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டினால் விளக்குமாறு ஆயிற்று. நாளடைவில் ஈர்க்குகள் உலர்ந்து சுருங்குவதாற் கட்டுத் தளர்ந்து, பெருக்கும்போதே ஒவ்வொன்றாய் உதிரும். அப்பொழுது கட்டை அவிழ்க்க வேண்டுவதில்லை. அடியைத் தரையிலே தட்டி ஒழுங்குபடுத்திவிட்டு, நடுவிலே ஒரு மூங்கில் ஆப்பை அடித்து இறக்கினால் ஈர்க்குகள் நெருங்கிக் கயிறு முன்போல் இறுகிவிடும். நுனியைத் தரையில் ஊன்றி நிறுத்திவைத்தால் ஈர்க்கு வளைந்துவிடுமாதலின், படுக்கவைப்பதோ, அடியிற் கயிறு கோத்துத் தொங்கவிடுவதோ நலம். மண்வாசலைப் பெருக்குமுன் நீர் தெளிப்பது புழுதி அடங்குவதற்கு. வீட்டினுள்ளே ஒட்டடையை முதலில் அடித்துவிட்டுத் தரைக்கு வருவதே முறை. வடகிழக்கு மலைகளில் விளையும் புல்லின் பூங்கதிர்களாலாகிய பூந்துடைப்பம் வழவழப்பான தரைக்கு ஏற்றது. ஆனால் புதிதில் அதிலிருந்து பூந்துகள் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், வெளியிலே நன்றாகத் தட்டி உதறிய பின்னரே உள்ளே கொண்டுவர வேண்டும்.

வீட்டுக்குள் உழைத்துத் தேய்ந்த விளக்குமாறு பிறகு வாசலுக்குப் போகும். அங்கும் தேய்ந்து சாண் அளவானபின், கிணற்றடியிற் பாசி பிடித்த கல்லைத் தேய்ப்பதற்கு அதைவிட ஏற்றது வேறொன்றில்லை. நீண்ட ஈர்க்குப் பாசியின்மேல் வளைந்து வழுக்கிப் போய்விடும். குட்டையானதோ விறைப்பாக நின்று அதனை வேரோடு பெயர்த்துவிடும்.