அதிபர் வேட்பாளர்களை எப்படி ஒப்பிடுவது? 2023 தேர்தல் காட்டிய வழி

அதிபர் வேட்பாளர் ஒருவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, வீவக வீட்டு விலை குறையவேண்டும் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெற்றிபெற்றால் அவரால் அதைச் செய்ய முடியுமா?

நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிகளின் கொள்கைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வென்ற கட்சி ஆட்சி அமைக்கும், சொன்னதைச் செய்யவேண்டும். அதிபர் தேர்தல் அப்படி இல்லை. சிங்கப்பூர் அதிபர் ஆட்சி நடத்துபவர் அல்லர். அப்போ வேட்பாளர்களை எதை வைத்து எடைபோடுவது?

2023 செப்டம்பர் 1ஆம் தேதி நடந்த தேர்தல் நல்ல உதாரணம். மூன்று பேர் போட்டியிட்டனர். மூவரின் பின்னணியும் வேறு, பேச்சும் வேறு.

முதலில், அதிபரால் என்ன செய்ய முடியும்?

பெரும்பாலான விஷயங்களில் அதிபர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடந்துகொள்ளவேண்டும். சொந்தமாக முடிவெடுக்கும் அதிகாரம் சில விஷயங்களில் மட்டுமே உண்டு:

- கடந்தகால நிதியிருப்பு: முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த பணத்தில் இப்போதைய அரசாங்கம் கைவைக்க விரும்பினால் அதிபர் சம்மதிக்கவேண்டும்.
- முக்கிய நியமனங்கள்: தலைமை நீதிபதி, தலைமைச் சட்ட அதிகாரி, ராணுவ, போலிஸ் தலைவர்கள் போன்ற பொறுப்புகளுக்கு ஒருவரை நியமிக்க அதிபர் மறுக்கலாம்.
- ஊழல் விசாரணை: லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் விசாரணைக்குப் பிரதமர் சம்மதிக்காவிட்டால், அதன் இயக்குநர் அதிபரின் ஒப்புதலுடன் விசாரணையைத் தொடரலாம்.
- தடுப்புக்காவலும் சமய நல்லிணக்கமும்: உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டவரை விடுவிக்கலாம் என ஆலோசனைக் குழு பரிந்துரைத்தும் அரசாங்கம் ஏற்காவிட்டால், அதிபர் முடிவெடுக்கலாம். சமய நல்லிணக்கச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்படும் தடையுத்தரவுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஊழல் விசாரணை அதிகாரம் 2023இல் பலருக்கும் நினைவுக்கு வந்தது. தேர்தலுக்குச் சில வாரங்களுக்குமுன், ஜூலையில், அப்போதைய போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன்மீது விசாரணை தொடங்கியது. அதற்குப் பிரதமரே ஒப்புதல் கொடுத்ததால் அதிபரிடம் போகவேண்டிய தேவை வரவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. நிதியிருப்பு, முக்கிய நியமனங்கள் இரண்டிலும் அதிபர் தனியாக உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. 8 பேர் கொண்ட அதிபர் ஆலோசகர் மன்றத்தை அவர் கலந்தாலோசிக்கவேண்டும். மன்றத்தின் ஆலோசனையை மீறி அவர் மறுப்புச் சொன்னால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் அதைத் தள்ளிவைக்கலாம்.

வீட்டு விலை, பொருள்சேவை வரி, பேருந்துக் கட்டணம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. கவனித்தீர்களா?

யார் போட்டியிடலாம்?

வேட்பாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கவேண்டும். வயது 45 அல்லது அதற்குமேல். வேட்புமனு தாக்கலின்போது எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது.

அதோடு அனுபவத் தகுதி. பொதுத்துறை வழியில், அமைச்சர், தலைமை நீதிபதி, நிரந்தரச் செயலாளர் போன்ற பொறுப்பில் குறைந்தது 3 ஆண்டுகள் இருந்திருக்கவேண்டும். தனியார்துறை வழியில், சராசரியாக 500 மில்லியன் வெள்ளி பங்குதாரர் மூலதனம் கொண்ட நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்திருக்கவேண்டும். இரண்டிலும் நேரடியாகப் பொருந்தாதவர்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அவர்களுடைய அனுபவம் ஒப்பிடத்தக்கதா என்று அதிபர் தேர்தல் குழு ஆராய்ந்து முடிவெடுக்கும்.

2023இல் தொழிலதிபர் ஜார்ஜ் கோ தமது ஐந்து நிறுவனங்களைச் சேர்த்துக் கணக்கிடும்படி விண்ணப்பித்தார். குழு ஏற்கவில்லை. இந்த விதிகள் வாக்காளரின் தேர்வை ரொம்பவே சுருக்குகின்றன என்று சிலர் குறைகூறினர். பில்லியன் கணக்கான பணத்துக்குச் சாவி வைத்திருப்பவருக்கு அந்த அனுபவம் தேவைதான் என்பது மறுதரப்பு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

மூவரின் பின்னணி

தர்மன் சண்முகரத்னம் (அப்போது வயது 66)
- பொருளியல் வல்லுநர். லண்டன் பொருளியல் கல்லூரி, கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட் ஆகியவற்றில் படித்தவர்.
- சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் பணியாற்றி, 2001இல் அரசியலுக்கு வந்தார்.
- கல்வி அமைச்சர், நிதி அமைச்சர், துணைப் பிரதமர், மூத்த அமைச்சர். 2011 முதல் நாணய ஆணையத்தின் தலைவர்.
- 2023 ஜூலையில் மக்கள் செயல் கட்சியிலிருந்தும் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகினார்.
- இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர்.

இங் கொக் சொங் (75)
- எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார்.
- 1970களின் தொடக்கத்தில் நாணய ஆணையத்தில் சேர்ந்தார். பிறகு நாட்டின் நிதியிருப்பை முதலீடு செய்யும் ஜிஐசிக்குச் சென்றார்.
- 2007 முதல் 2013 வரை ஜிஐசி குழுமத்தின் தலைமை முதலீட்டு அதிகாரி. 2015இல் சொந்த முதலீட்டு நிறுவனம் தொடங்கினார்.
- எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. தியானம் கற்றுத் தருபவர்.

டான் கின் லியன் (75)
- காப்பீட்டுக் கணிப்பாளர். என்டியுசி இன்கம் நிறுவனத்தை 1977 முதல் 2007 வரை 30 ஆண்டுகள் வழிநடத்தினார்.
- முன்னாள் மசெக உறுப்பினர். 2008இல் கட்சியிலிருந்து விலகினார்.
- 2008 நிதி நெருக்கடியில் பணம் இழந்த முதலீட்டாளர்களுக்காக ஹொங் லிம் பூங்காவில் கூட்டங்கள் நடத்தினார்.
- 2011 அதிபர் தேர்தலில் போட்டியிட்டு 4.91 விழுக்காடு பெற்று வைப்புத்தொகையை இழந்தார்.

திரு தர்மனுக்கு அமைச்சர் பதவி வழியாக நேரடித் தகுதி இருந்தது. மற்ற இருவருக்கும் அதிபர் தேர்தல் குழு ஆராய்ந்து தகுதிச் சான்றிதழ் வழங்கியது.

எந்த விஷயத்தில் யார் என்ன சொன்னார்?

1. நிதியிருப்பு

இதுதான் அதிபரின் உண்மையான அதிகாரம் இருக்கும் இடம். 2009இல் உலக நிதி நெருக்கடியின்போது அதிபர் எஸ். ஆர். நாதன் 4.9 பில்லியன் வெள்ளி வரை எடுக்க ஒப்புதல் அளித்தார். அதுவே முதல்முறை. கொவிட்-19 காலத்தில் அதிபர் ஹலிமா யாக்கோப்பின் ஒப்புதலுடன் எடுக்கப்பட்டது சுமார் 40 பில்லியன் வெள்ளி.

திரு இங், தாம் வாழ்நாள் முழுதும் இந்தப் பணத்தைப் பெருக்கும் வேலையில்தான் இருந்ததாகச் சொன்னார். நிதியிருப்பு, நல்ல பொதுச்சேவை, சமூக நிலைத்தன்மை மூன்றையும் காப்பதே அவர் முன்வைத்த பணி.

திரு தர்மனுக்கும் இது புதிதில்லை. 2009இல் நிதியிருப்பை எடுக்க அரசாங்கம் கோரியபோது நிதி அமைச்சராக இருந்தவர் அவரே. முதலீட்டு வருவாயில் ஒரு பகுதியை வரவுசெலவுத் திட்டத்தில் பயன்படுத்தும் இன்றைய ஏற்பாடும் அவர் காலத்தில் வந்தது.

திரு டான், நிதியிருப்பு சாதாரண மக்களின் வாழ்க்கைக்கு உதவவேண்டும் என்ற கோணத்தில் பேசினார்.

2. சுயேச்சையாகச் செயல்படுவது

தேர்தலின் சூடான விவாதம் இதுதான். 20 ஆண்டுகளுக்குமேல் ஆளுங்கட்சியில் இருந்தவர் அதே அரசாங்கத்தைக் கண்காணிக்க முடியுமா?

கட்சித் தொடர்பே இல்லாததைத் தமது பலமாகக் காட்டினார் திரு இங். அரசாங்கத்திலிருந்து தள்ளி நிற்கும் ஒருவர் தேவை என்றார் திரு டான். கட்சி அட்டை இருந்ததா இல்லையா என்பதைவிட ஒருவரின் குணமும் சிந்தனைச் சுதந்திரமும் முக்கியம் என்பது திரு தர்மனின் பதில்.

வரலாறு இரு தரப்புக்கும் யோசிக்க ஏதோ கொடுக்கிறது. 1993இல் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங், மசெகவின் முன்னாள் துணைப் பிரதமர். பதவிக்கு வந்ததும் நாட்டின் சொத்துப் பட்டியலைக் கேட்டார். முழுக் கணக்கெடுக்க 56 மனித ஆண்டுகள் ஆகும் என்று பதில் வந்ததாக 1999இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கட்சியில் இருந்தவர் கேள்வி கேட்கமாட்டார்னு சொல்லிவிட முடியாது. கேட்ட உடனே பதில் கிடைக்கும்னும் சொல்லிவிட முடியாது.

3. வாழ்க்கைச் செலவு, வீடு, வேலை

இதில் அதிகம் பேசியவர் திரு டான். அதிபர் பதவியின் செல்வாக்கைக் கொண்டு அரசாங்கத்திடம் மக்களின் குரலை எடுத்துச்செல்வது அவர் திட்டம்.

இங்கேதான் வாக்காளர் உஷாராக இருக்கவேண்டும். அதிபர் பிரதமரிடம் தனிப்பட்ட முறையில் கருத்துச் சொல்லலாம். அந்தக் கருத்துக்கு மதிப்பும் இருக்கும். ஆனால் கொள்கை வகுப்பது அமைச்சரவை. "முயற்சி செய்வேன்" என்பதும் "செய்வேன்" என்பதும் ஒன்றில்லை. அதிபரின் பங்கைப் புரிந்துகொண்டதாக வேட்பாளர்கள் உறுதிமொழி கொடுக்கவேண்டியிருப்பதும் இதனால்தான்.

4. இனமும் ஒற்றுமையும்

2017 தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியில்லாமல் முடிந்தது. 2023 எல்லாருக்கும் பொதுவான தேர்தல். அதனால் இன்னொரு கேள்வியும் எழுந்தது: பெரும்பான்மைச் சீனர்கள் உள்ள நாட்டில் சிறுபான்மையினர் ஒருவர் நேரடிப் போட்டியில் ஜெயிக்க முடியுமா?

திரு தர்மன், எல்லாருக்கும் மரியாதை என்பதைப் பிரசாரத்தின் மையமாக வைத்தார். அன்னாசிப்பழம் அவருடைய சின்னம். சீனர் அல்லாத பிரதமருக்கும் சிங்கப்பூர் தயார் என்று அவர் கூறியது பரவலாகப் பேசப்பட்டது.

முடிவு என்ன?

- தர்மன் சண்முகரத்னம்: 1,749,261 வாக்குகள் (70.41 விழுக்காடு)
- இங் கொக் சொங்: 390,636 வாக்குகள் (15.72 விழுக்காடு)
- டான் கின் லியன்: 344,584 வாக்குகள் (13.87 விழுக்காடு)

வைப்புத்தொகை 40,500 வெள்ளி. அதைத் திரும்பப் பெற 12.5 விழுக்காடு வாக்குகள் வேண்டும். இந்தமுறை மூவருமே தக்கவைத்துக்கொண்டனர்.

2011உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அப்போது டோனி டான் 35.20 விழுக்காடு, டான் செங் போக் 34.85 விழுக்காடு. 7,400க்கும் குறைந்த வாக்குகளில் முடிவு மாறியிருக்கும்.

போட்டியில் வென்று அதிபரான முதல் சிறுபான்மை இனத்தவர் திரு தர்மன். திரு நாதன் இரண்டு முறையும் போட்டியின்றித் தேர்வானவர். தேவன் நாயர், மக்கள் வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை வருவதற்குமுன் நாடாளுமன்றத்தால் நியமிக்கப்பட்டவர்.

அடுத்தமுறை நீங்கள் கேட்கவேண்டியவை

அதிபரின் தவணை 6 ஆண்டுகள். அடுத்த தேர்தல் 2029இல் வரவேண்டும். 2023இல் உங்களுக்கு 15 வயது என்றால், அப்போது நீங்களும் வாக்காளர். வாக்களிப்பது கட்டாயம்.

வேட்பாளர் ஒருவர் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி போட்டுப் பாருங்கள்:

1. இது அதிபரின் கையில் இருக்கிறதா? இருந்தால் அது வாக்குறுதி. இல்லையென்றால் அது விருப்பம் மட்டுமே.
2. இவரது அனுபவம் எந்தப் பணிக்குப் பொருந்துகிறது? நிதியிருப்புக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவரும் மக்களை ஒன்றிணைக்கத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுக்கு எது முக்கியம்?
3. "முடியாது" என்று சொல்லவேண்டிய நாளில் சொல்வாரா? இதற்குப் பேச்சில் பதில் கிடைக்காது. அவர் முன்பு எப்போது, யாரிடம், எதற்காக மறுப்புச் சொன்னார் என்று தேடிப் பாருங்கள்.

ஒரு பெரிய நெருக்கடி வந்து, அரசாங்கம் நிதியிருப்பைக் கேட்டு வரும்போதுதான் அதிபரின் கையெழுத்துக்கு எடை வரும். அது 6 ஆண்டுகளில் ஒருமுறை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அந்த ஒரு நாளுக்கான ஆளைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள்.