கடல் தாண்டிய கடிதங்கள்: டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு ‘அ’

கல்முனைக்குடியில் ஒரு காலத்தில் சவூதிக் கடிதம் வந்தால், அது விலாசக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. உம்மாவுக்கு வந்ததைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உரத்து வாசிக்கும். மாமியும் சாச்சியும் பக்கத்து வளவுக்காரரும் கூடியிருந்து கேட்பார்கள். 1908இல் ரஷ்யாவில் எழுதிய ஒரு கடிதமும் இப்படித்தான் விலாசக்காரரைத் தாண்டிப் போனது.

விலாசக்காரர் தாரக்நாத் தாஸ். வட அமெரிக்காவில் குடியேறிப் பத்திரிகை நடத்திய வங்காளி. இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டு டால்ஸ்டாய்க்கு எழுதினார். டிசம்பர் 14 எனத் தேதியிட்ட பதில், அடிதடி வேண்டாம், அநியாயத்துக்குத் துணைபோகாமல் இருந்தாலே போதும் என்றது. அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகத் திருக்குறளையும் அழைத்திருந்தார் அந்த ரஷ்யர். ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்துக் குறள்கள்.

மறு ஆண்டு அதன் பிரதியொன்று லண்டன் வந்திருந்த ஒரு வக்கீலின் கைக்குக் கிடைத்தது. தாதா அப்துல்லா கம்பனியின் வழக்குக்காகத் தென்னாபிரிக்கா போய் அங்கேயே தங்கிவிட்ட மோகன்தாஸ் காந்தி. தன் 40ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், 1909 ஒக்டோபர் 1இல், முன்பின் அறியாத 81 வயது எழுத்தாளருக்கு எழுதினார். டிரான்ஸ்வால் இந்தியரின் போராட்டத்தைச் சொன்னார். பிறகு கேட்டார்: இது நீங்கள் எழுதியதுதானா? 20,000 பிரதி அச்சிடலாமா? மறுபிறவி பற்றிய சொல்லை எடுத்துவிடலாமா?

பெரியவர் கோபிக்கவில்லை. என்னுடையதுதான், அந்தச் சொல்லை எடுக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் உங்கள் விருப்பம் என்று ஆறே நாளில் பதில் எழுதினார். ஊர் திரும்பும் கப்பலில் காந்தி அதைக் குஜராத்தியில் பெயர்த்தார்.

1910இல் நண்பர் காலன்பாக், ஜொகன்னஸ்பேர்க் அருகே 1,100 ஏக்கர் நிலத்தைப் போராட்டக் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பெயர் டால்ஸ்டாய் பண்ணை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகளும் பகல் உணவை விட்டார்கள். ஆனால் பொழுது சாயுமுன்பே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பசியால் அல்ல, நோன்பு திறப்பவர்களுக்குப் பரிமாறக் கை வேண்டுமே!

அதே ஆண்டு நவம்பர் 20இல் டால்ஸ்டாய் காலமானார். இருவரும் கடைசிவரை நேரில் பார்த்ததில்லை.

பண்ணையின் தமிழ்ப் பிள்ளைகள் தென்னாபிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்தே தெரியாது. கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் தமிழ்க் கைநூலைப் புரட்டித் தான் கற்ற அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு காந்தியே அவர்களுக்கு வாத்தியாரானார். குறளை 1886இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் இதே போப்தான். குறளைத் துணைக்கழைத்த ரஷ்யரின் பெயரைத் தாங்கிய பண்ணையில், வள்ளுவரின் மொழிக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் ‘அ’னாவில் இருந்து தொடங்கினார்கள்.

(தொடரும்)